வட்டியாக வந்த ஒரு படி அரிசி

என் ஐயாவுக்கு, அம்மா எழுதுவது.

நீ அனுப்பிய தாள் போன வாரமே வந்து சேர்ந்தது. தபால்காரன் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கக்கூட இல்லை, வேலிக்கு மேலேயே நீட்டிவிட்டுப் போனான். அன்றிலிருந்து அது பிஸ்கட் டின்னுக்கு அடியில் கிடக்கிறது. நீயும் மூன்று தடவை போன் பண்ணிவிட்டாய். "கையெழுத்துதானேம்மா, இன்னுமா போடல?" என்று கேட்டாய். நானும் கண்ணாடி உடைந்துவிட்டது, பேனாவில் மை இல்லை என்று ஏதேதோ சொன்னேன். இரண்டும் பொய். விஷயத்தைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ நாற்பது பேசுவாய். அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார்.

நீ கேட்பது எனக்கு நன்றாகவே புரிகிறது. சுங்கைப் பட்டாணியில் உன் நாற்காலிப் பட்டறைக்கு ஜப்பானிலிருந்து ஒரு மிஷின் வருகிறது. ரப்பர் மரத்தை அறுத்து, இழைத்து, துளை போட்டு எல்லாம் அதுவே செய்துவிடுமாம். விற்கிற ஏஜென்ட் கையில் காசு வேண்டாம் என்கிறான். ஆறு வருஷம் தவணை, கடன் யென் கணக்கில், வட்டி நம் ஊர் பேங்கு கேட்பதில் மூன்றில் ஒரு பங்குதான். அதற்குப் பிணையாக நம் புக்கிட் செலம்பாவ் நிலம், உன் அப்பா போன பிறகு என் பெயரில் இருக்கும் இரண்டு ஏக்கர். "இவ்ளோ கம்மி வட்டிய விட்டுட்டு பேங்குக்குப் போறவன் பைத்தியக்காரன்மா" என்றாய். அந்த வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு காலத்தில் நானும் வட்டியை மட்டும் பார்த்துவிட்டு, எந்தக் காசுக்கு வட்டி என்று பார்க்காமல் இருந்தவள். அப்போது நீ என் வயிற்றில் இருந்தாய். இதை உன் அப்பாவிடம்கூட நான் முழுதாகச் சொன்னதில்லை.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலம் அது. எனக்கு இருபது வயது. இங்கே பக்கத்துத் தோட்டத்தில்தான் லயத்து வீடு. ரப்பருக்குப் பால்மரம் வெட்டுவது பாதி நின்றுபோய், மரத்தைச் சாய்த்த இடத்தில் மரவள்ளி போடச் சொன்னார்கள். நீ மூன்று மாதக் கருவாக இருந்தபோது உன் அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை வேலைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போகும்போது அவர் சொன்னது ஒன்றுதான். "சைக்கிளுக்கு எண்ண போட்டு வச்சுக்க, வந்து ஓட்டணும்." எனக்கு அப்போது கோபமாக வந்தது. என்னைப் பற்றிச் சொல்லாமல் சைக்கிளைப் பற்றிச் சொல்கிறாரே என்று. மனசைக் கல்லாக்கிக்கொள்ள அவருக்கு வேறு வழி தெரியவில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

கையில் ஓடியது வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு. தோட்டத்தில் கூலியும் அதுதான், மரவள்ளி விற்றால் கிடைப்பதும் அதுதான். அதை வைத்துக்கொண்டு, நீ வயிற்றில் தங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் நான் கூட்டு பிடித்தேன். நீ சிரிக்காதே, இன்றைக்கு உன் பட்டறைப் பெண்கள் பிடிக்கிற அதே கூட்டுதான். பத்துப் பெண்கள், மாதம் ஆளுக்குப் பத்து வெள்ளி, மொத்தம் நூறு. யாருக்கு அவசரமோ அவள் தள்ளி எடுப்பாள். பத்து வெள்ளி தள்ளினால் தொண்ணூறு அவள் கைக்கு, தள்ளிய பத்தை எல்லாரும் பங்கு போட்டுக்கொள்வோம். அவசரப்படாமல் கடைசி வரைக்கும் இருப்பவளுக்கு முழு நூறும் கிடைக்கும், நடுவில் மாதாமாதம் பங்கும் வந்திருக்கும். அந்தக் கடைசி மாதம் எனக்கென்று வைத்துக்கொண்டேன். நீ வந்தது தெரிந்ததும் கணக்குப் பார்த்தேன், அதற்கடுத்த வாரம்தான் எனக்குப் பேறுகாலம். நூறு வெள்ளியில் அரிசி, நல்லெண்ணெய், மருத்துவச்சிக்குச் சேலை, எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

முதல் மாதம் நாலு வெள்ளி தள்ளி எடுத்தார்கள். அடுத்தது ஏழு. பிறகு பன்னிரண்டு, இருபது, ஒரு தடவை மட்டும் கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறிக்கொண்டே போனது. எனக்கோ ஒரே குஷி. தள்ளுகிறவர்கள் தள்ளத் தள்ள என் பங்கு கூடுகிறதே. "வட்டிக்காரி வந்துட்டா" என்று பெண்கள் கேலி பண்ணுவார்கள், எனக்கு அது பட்டம் மாதிரி இருக்கும். ஏன் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் இப்படி அவசரம் வந்தது என்று ஒரு நாளாவது யோசித்தேனா? இல்லை. அவர்களுக்கு நிதானம் போதவில்லை, எனக்கு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

என் பக்கத்து வீட்டில் சவரியாயி அக்கா இருந்தாள். வேதக்காரி, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. புருஷன் முன்னமே இறந்துவிட்டான், பிள்ளை இல்லை. திகாம் பத்து கடைத்தெருவுக்கு நடந்து போய் உப்பு வாங்கி வந்து தோட்டத்தில் விற்பாள். அப்போது நம் கெடா மாநிலத்தை ஜப்பான்காரன் சயாம்காரனிடம் கொடுத்துவிட்டிருந்தான். அதனால் வடக்கேயிருந்து அரிசி கொண்டு வருகிறவர்கள் சயாம்காரன் காசான பாட் கேட்டார்கள். திகாம் பத்தில் ஒரு மளிகைக்கடைத் தௌகே, சீன முதலாளி, கடைப் பலகையின் உள்பக்கத்தில் ஒரு பாட்டுக்கு எத்தனை ஜப்பான் வெள்ளி என்று சாக்கட்டியால் எழுதி வைத்திருப்பான். யாராவது பூட்ஸ் காலோடு வந்தால் பலகையைத் திருப்பிவிடுவான். சவரியாயிக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். அந்தப் பலகையைப் பார்க்காமல் அவள் உப்பு வாங்கியதில்லை.

ஆறாவது மாதம் கூட்டு எடுக்கிற அன்று அவள் ஐம்பது வெள்ளி தள்ளினாள். பாதிக்குப் பாதி. எல்லாரும் வாயைப் பிளந்தோம். நான் சும்மா இருந்திருக்கலாம், என் வாய் இருக்கிறதே. "என்னக்கா, ராத்திரி கள்ளு கிள்ளு குடிச்சியா? நூறு வெள்ளிய அம்பதுக்கு விக்கிறியே" என்று அத்தனை பேருக்கு முன்னால் கேட்டேன். பெண்கள் சிரித்தார்கள். அவள் முகம் சுருங்கிப்போனது.

"நான் காச விக்கல புள்ள. காகிதத்தத் தள்ளிவிடுறேன். தௌகே பலகைல போன மாசம் ரெண்டு இருந்துச்சு, இப்ப அஞ்சு. அங்க நம்பர் ஏறுன மறு வாரம் இங்க தள்ளுறதும் ஏறுது. நீ பாக்கலியா? போன தடவ லாரில அரிசி வருதுன்னு பேச்சு வந்துச்சு, பலக இறங்குச்சு, இங்கயும் தள்ளு இறங்குச்சு. ரெண்டும் ஒண்ணுதான் லா."

நான் கேட்கவில்லை. அவள் ஐம்பது வெள்ளியை வாங்கிக்கொண்டு அன்றே திகாம் பத்து போனாள். வெள்ளி ஐந்துக்கு ஒரு பாட் வீதம் பத்து பாட். அதை அப்படியே வடக்கே நெல் விளைகிற பெண்டாங்கிலிருந்து வந்த வண்டிக்காரனிடம் கொடுத்து இருபது படி அரிசி வாங்கி, மண்பானையில் போட்டு, மேலே மரவள்ளிக் கிழங்கை அடுக்கி மூடிவைத்தாள். நான் அவளுக்காகப் பரிதாபப்பட்டேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

இப்போது உன் விஷயத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டேன், பொறுமையாகப் படி. ஒரு காசு இறங்கும் என்று ஜனங்கள் பயந்தால், அதைக் கையில் வைத்திருக்கச் சொல்ல ஏதாவது கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அந்தக் கூடுதல்தான் வட்டி. வட்டி கூடினால் என்னை மாதிரி சிலர் ஓடாமல் நிற்பார்கள், நாலு பேர் நின்றால் காசும் கொஞ்ச நாளைக்கு விழாமல் நிற்கும். ஆனால் விழுகிற வேகத்துக்கு வட்டி ஈடு கொடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை. ஏறின வட்டியை ஆதாயம் என்று நினைத்தேன். அது எச்சரிக்கை.

பத்தாவது மாதம் முழு நூறையும் மடியில் முடிந்துகொண்டு திகாம் பத்து போனேன். பாதி வழி மாட்டுவண்டி, மீதி நடை. நிறைமாத வயிறு. பலகையில் இருபத்தைந்து என்று எழுதியிருந்தது. நான் நோட்டை எண்ணி வைத்ததும் தௌகே என் வயிற்றைப் பார்த்தான், பிறகு நோட்டைப் பார்த்தான். "தங்காச்சி, டுயிட் ஜெப்புன் நாளைக்கி இன்னும் ஜத்தோ லா. இன்னைக்கே மாத்து" என்றான். ஜப்பான் காசு இன்னும் விழும் என்கிறான். இதற்கு மேல் எங்கே விழ. நாலு பாட் கொடுத்தான். அரிசியும் ஏறிவிட்டிருந்தது, ஒரு பாட்டுக்கு ஒரு படிதான். பத்து மாதம் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, நான் சேர்த்தது நாலு படி நொய்யரிசி. என்னைவிடப் பாதிக் காசு வாங்கிய சவரியாயிக்கு இருபது படி. வரும் வழியில் ஒரு ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன், ஐயா. நீ உள்ளே உதைத்துக்கொண்டே இருந்தாய்.

வீட்டுக்கு வந்ததும் சவரியாயி என் மடியைப் பார்த்தாள். மறுநாள் காலையில் பானையைத் திறந்து பத்துப் படி அளந்து என் முன்னால் வைத்தாள். "அறுப்பு முடிஞ்சதும் பதினோரு படியா குடு" என்றாள். வெறும் ஒரு படி வட்டி. நூறை ஐம்பதுக்கு எடுக்கிற காலத்தில் பத்துக்கு ஒன்று. "ஏங்க்கா இவ்ளோ கம்மி?" என்று கேட்டேன்.

"அரிசி அப்பவும் அரிசியாத்தான இருக்கும். எனக்கென்ன பயம்? நோட்டா கேட்டிருந்தா உன்கிட்ட முந்நூறு கேட்டிருப்பேன்."

அந்த அரிசியில்தான் நான் உன்னைப் பெற்றுப் பால் கொடுத்தேன். அதுவரைக்கும் கதை நல்ல கதைதான். என் அடுத்த முட்டாள்தனம் அதற்கப்புறம். சம்பாதிப்பது நோட்டு, கொடுக்க வேண்டியது அரிசி. வட்டி ஒரு படிதானே என்று நிம்மதியாக இருந்தேன். வட்டி ஏறவேயில்லை, ஒரு படி ஒரு படியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பதினோரு படியின் விலை மாதாமாதம் ஏறியது. கடன் வாங்கிய அன்று ஒரு படி இருபத்தைந்து வெள்ளி, மூன்று மாதத்தில் ஐம்பது. நான் தின்று தீர்த்த அரிசி, தின்ற பிறகும் எனக்குத் தெரியாமல் வளர்ந்துகொண்டிருந்தது. உன் ஏஜென்ட் சொல்லும் வட்டியைப் படித்தபோது எனக்கு அந்த ஒரு படிதான் ஞாபகம் வந்தது.

கொடுக்கிற நாள் நெருங்கியது. நான் உன் அப்பாவின் சைக்கிளை முந்நூறு வெள்ளிக்கு விற்றேன். எண்ணெய் போட்டு வைக்கச் சொன்ன சைக்கிள். இரும்பைக் கொடுத்துக் காகிதம் வாங்கினேன், புத்தி வரவில்லை பார். அதில் இருநூற்று எழுபத்தைந்தை எண்ணி எடுத்துக்கொண்டு சவரியாயி வீட்டுக்குப் போனேன். "நீ குடுத்தப்ப படி இருவத்தஞ்சு. பதினோரு படிக்கு இருநூத்தி எழுவத்தஞ்சு. கணக்கு சரியா இருக்குக்கா" என்றேன். குரல் எனக்கே நன்றாக இல்லை. அந்தக் காசுக்கு அன்றைக்கு ஐந்தரைப் படிதான் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன். இதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை.

அவள் சண்டை போடவில்லை. எழுந்து போய் மண்பானையை எடுத்துவந்து என் முன்னால் கவிழ்த்தாள். நாலைந்து அரிசி உருண்டது, அவ்வளவுதான். எனக்குக் கொடுத்துவிட்டு மீதியைத் தின்று தீர்த்து, இரண்டு வாரமாக வெறும் மரவள்ளியில் இருந்திருக்கிறாள். கால் வீங்கியிருந்தது. "இந்தக் காச நீயே எடுத்துட்டுப் போ தங்கச்சி. போயி இதுல பதினோரு படி வாங்கிட்டு வா. வந்துச்சுன்னா கணக்கு சரி" என்றாள். நீ என் இடுப்பில் இருந்தாய். நான் அந்த நோட்டை அள்ளிக்கொண்டு தலைகுனிந்து வெளியே வந்தேன். அந்த வெட்கம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

அன்று மதியமே முந்நூறு வெள்ளிக்கும் உப்பு வாங்கினேன். ஒரு நோட்டுகூட இரவு வீட்டில் தங்கக்கூடாது என்று பிடிவாதம். மறுநாள் உன்னைத் துணியில் முதுகோடு கட்டிக்கொண்டு, உப்புச் சுமையைத் தலையில் வைத்து, அறுப்புக்குப் போகிற பெண்களோடு பெண்டாங்குக்கு நடந்தேன். இரண்டு நாள் நடை. அங்கே ஒரு மலாய்க்காரப் பெரியம்மா, மச்சிக் என்று கூப்பிடுவோம், தன் வயலில் என்னைச் சேர்த்துக்கொண்டாள். கூலி நெல்லாகத்தான் வேண்டும் என்று எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன். "பாடி, நெல்லுதான் தருவேன், டுயிட் யாருக்கு வேணும்" என்று சிரித்தாள். வயற்குடிசைக் குறுக்குக் கழியில் உனக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்ததும் அவள்தான். பால்மரத்துக் கத்தி பிடித்த கைக்கு நெல் அறுக்க வரவில்லை, முதல் நாளே விரலைக் கிழித்துக்கொண்டேன். ஆனால் சாயங்காலம் கூலி நெல்லை அளந்து முறத்தில் கொட்டியபோது, வருஷக்கணக்கில் வராத தெம்பு வந்தது. அரிசி விலை எங்கே வேண்டுமானாலும் ஏறட்டும். ஏற ஏற என் கூலியும் அதோடு ஏறும். கடன் எதுவோ, கூலியும் அதுவே. இதை மட்டும் புரிந்துகொண்டால் போதும், ஐயா.

மூன்று வாரம் கழித்து, கூலி நெல்லும் உப்புக்கு மாற்றிய நெல்லும் குத்திப் பதினேழு படி அரிசியோடு வந்தேன். அதில் பதினோரு படியைச் சவரியாயி வாசலில் அளந்தேன். பத்து வரைக்கும் அவள் பானையில் கொட்டினாள். கடைசிப் படியைத் தனியாக ஒரு டின்னில் போட்டு மூடினாள். "இது வட்டி, இதுல நான் கை வைக்க மாட்டேன்" என்றாள். உனக்கு ஆறு மாதம் ஆனபோது அந்த டின்னைத் திறந்து குழையக் குழைய வடித்து எடுத்து வந்து, உன்னை மடியில் போட்டு முதல் சோறு ஊட்டினாள். நீ துப்பினாய். "துப்பாத லா பயலே, உங்கம்மா வட்டி இது" என்றாள். அன்றுதான் நாங்கள் இரண்டு பேரும் பழையபடி சேர்ந்து சிரித்தோம்.

பிறகு ஜப்பான்காரன் போனான். வாழைமர நோட்டைப் பிள்ளைகள் லயத்து வாசலில் கடைவைத்து விளையாடினார்கள். உன் அப்பா எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார், வந்தாரே, அது போதும். வந்த மூன்றாம் நாள் "சைக்கிள் எங்க?" என்று கேட்டார். "உங்க மகனா மாறிருச்சு" என்றேன்.

இப்போது உன் நாற்காலிக்கு வருவோம். நீ விற்பது கெடா முழுக்கப் பள்ளிக்கூடங்களுக்கு. உன் கைக்கு வருவது நம் ஊர்க் காசு, ரிங்கிட். நீ கட்ட நினைப்பது யென். யென் கடனுக்கு வட்டி ஏன் குறைச்சல் என்று ஏஜென்டிடம் கேட்டாயா? நம்மிடம் இருக்கிற பாசத்தினாலா? யென் ஏறும் என்று நம்புகிறவன் குறைந்த வட்டிக்கும் அதை வைத்திருப்பான். நம் காசில் கொஞ்சம் பயம் இருப்பதால் பேங்கு கூடக் கேட்கிறது. நீ வட்டியில் மிச்சம் பிடிப்பதை அந்தக் காசு ஏறி ஒரே வருஷத்தில் வாரிக்கொண்டு போகலாம். போகாமலும் இருக்கலாம். யென் இறங்கினாலும் இறங்கும், அப்போது நீ என்னைப் பார்த்துச் சிரிப்பாய், நானும் சிரிப்பேன். எனக்கு வரப்போவது தெரியாது, அந்த ஏஜென்டுக்கும் தெரியாது. தெரியாத ஒன்றின் மேல் இருக்கிற நிலத்தை வைக்காதே என்கிறேன்.

உன்னைத் தடுக்க நான் இதை எழுதவில்லை. மிஷின் வாங்கு. உன் கையில் தொழில் இருக்கிறது, நீ செய்த நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், ஒரு கால்கூட ஆடவில்லை. போன தீபாவளிக்கு வந்தபோது இதே நிலத்துக்குப் பேங்கு கொடுத்த கடன் தாளை "வட்டி அநியாயம்" என்று கசக்கி அலமாரி மேல் எறிந்துவிட்டுப் போனாயே, அதை எடுத்து நீவி, மேலே அகராதியை வைத்து அழுத்தினேன். இந்த உறையில் இரண்டு தாளும் இருக்கின்றன. கசங்கிய தாளில் என் கையெழுத்து இருக்கிறது, யென் தாளில் இல்லை. அதைக் கிழித்துப் போடாதே. உன் நாற்காலிக்கு என்றைக்காவது ஜப்பானிலிருந்து ஆர்டர் வந்து, அவன் யென்னிலேயே காசு கொடுத்தால் அதைத் தூக்கிக்கொண்டு வா. அன்றைக்கு அதிலும் போடுகிறேன்.

பேங்குக்குக் கூடக் கட்டுகிற வட்டியை நினைத்து மனசு ஆறவில்லையா? முதல் வருஷம் அந்தக் கூடுதலை நானே கட்டுகிறேன். பால்மரக் காசு இருக்கிறது, எனக்கென்ன செலவு. நீ சாப்பிட்ட முதல் சோறே என் வட்டிதானே, ஐயா.

அம்மா